தவளைக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்து வழி தேட

ஆஸ்திரேலியாவில் வீட்டில் மரத்தவளை வளர்ப்பவர்களுக்கும், தோட்டத்தில் திடீரென்று ஒரு தவளையைக் கண்டு என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்கும் இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்ட அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த மூன்று பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிறு, தொடைப் பக்கத் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியே நடக்கிறது. உடம்பில் உப்பின் அளவு சரியாக இருப்பதும் தோலின் பொறுப்பு. அதனால் தவளைக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாதி, தோலில் பட்ட ஏதோ ஒன்றில்தான் தொடங்குகிறது: குழாய்த் தண்ணீர், கைக்கிரீம், சானிடைசர், கொசு மருந்து, பூஞ்சை. எந்த அறிகுறி என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியாக இதன் தோலில் என்ன பட்டது?’ என்பதுதான்.

ஆகவே வெறுங்கையால் தூக்காதீர்கள். பவுடர் இல்லாத கையுறையைப் போட்டு, மழைத்தண்ணீரில் நனைத்துவிட்டுத் தூக்குங்கள். கையுறை இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டால் போதும். ஒரு தவளைக்கு ஒரு பை. அடுத்த தவளைக்குப் புதுப் பை. நம் வீடுகளில் காயம் என்றாலே மஞ்சள் தூளுக்குக் கை போகும். தவளைக்கு மஞ்சள் வேண்டாம், உப்புத்தண்ணீர் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். தடவுவதெல்லாம் உள்ளே போகும்.

இன்னொன்று, பெரும்பாலான மாநிலங்களில் சொந்த மண்ணின் தவளையை வளர்க்க உரிமம் வேண்டும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடையில் பிடித்து வந்து வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டப்பகலில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது, தோல் சுருங்கிப் பழுப்பாக இருக்கிறது

இருப்பதிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறி இதுதான். பச்சை மரத்தவளை பகலில் இலையிடுக்கிலோ குழாய்க்குள்ளோ கைகால்களை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியிருக்க வேண்டும். வெயில் படும் சிமெண்டுத் தரையில் பின்கால்கள் பரப்பியபடி கிடந்தால், தொட்டாலும் தாவாவிட்டால், தோல் துண்டுதுண்டாக உரிந்தால் கைட்ரிட் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். மெல்ல மல்லாத்திப் பாருங்கள். ஆரோக்கியமான தவளை அடுத்த நொடி புரண்டுவிடும். நோயுற்றது புரளத் திணறும், அல்லது அப்படியே கிடக்கும்.

இந்தப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் வளர்கிறது. தோல் வழியே நடக்கும் உப்புப் போக்குவரத்து கெட்டு, கடைசியில் இதயம் நின்றுபோகிறது. 1990களின் கடைசியில்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் 1970களின் கடைசியிலேயே இது இருந்ததற்குப் பழைய மாதிரிகள் சாட்சி. குஞ்சுகளை வயிற்றுக்குள் வைத்து வளர்த்து வாய் வழியே பெற்ற குயின்ஸ்லாந்துத் தவளை இனங்கள் இரண்டும் 1980களின் நடுப்பகுதிக்குள் காணாமல் போயின. அதற்கும் இந்தப் பூஞ்சையையே சந்தேகிக்கிறார்கள். 2021 குளிர்காலத்தில் கிழக்குக் கடலோர ஊர்களில் பச்சை மரத்தவளைகள் பழுப்பேறிச் சுருங்கிச் செத்துக் கிடப்பதாக ஆஸ்திரேலியன் மியூசியத்துக்குச் செய்திகள் வந்து குவிந்தன. சோதித்த தவளைகள் பலவற்றில் கைட்ரிட் இருந்தது.

செய்ய வேண்டியது: காற்றோட்டத்துக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். வாசனை சேர்க்காத காகிதத் துவாலையை மழைத்தண்ணீரில் நனைத்து உள்ளே விரியுங்கள். தவளையை வைத்து, இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். உணவு கொடுக்க வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்பு அமைப்பைக் கூப்பிடுங்கள். வீட்டில் வளர்க்கும் தவளை என்றால், ஊர்வன, நீர்நில வாழ்வன பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். கண்ணால் பார்த்து கைட்ரிட் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தோலைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். உறுதியானால் இட்ராகோனசோல் கலந்த குளியல் தருவார்கள். அளவு கொஞ்சம் தப்பினாலும், குட்டித் தவளை என்றாலும் மருந்தே கொன்றுவிடும். ஆகவே வீட்டு வைத்தியமாக முயல வேண்டாம்.

இந்தப் பூஞ்சைக்குச் சூடு ஆகாது. 17 முதல் 25 டிகிரியில் செழிக்கும். 30ஐ நெருங்கினால் தளரும். குளிர்காலத்தில் சாவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேக்வாரி பல்கலைக்கழகத்தின் ஆண்டனி வாடில் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. துளைச் செங்கற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, வெயில் படும் சிறு பசுங்கூடாரத்துக்குள் அடுக்கினார்கள். பச்சைப்பொன் பெல் தவளைகள் தாமாகவே அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்தன. உடம்பு சூடேற, தொற்று விலகியது. இப்படிப் பிழைத்தவை அடுத்த முறை தொற்று வந்தபோதும் ஓரளவு தாக்குப்பிடித்தன. பெல் தவளை இருக்கும் பகுதியில் உங்கள் வீடு இருந்தால் செய்து பார்க்கலாம், செலவும் அதிகமில்லை. ஆனால் இதை எல்லாத் தவளைக்கும் பொருத்திவிடாதீர்கள். மலைக்குளிரில் வாழும் இனங்களுக்குச் சூடே எமன்.

செத்துவிட்டால் படம் எடுத்து, இடம், தேதியோடு மியூசியத்துக்கு எழுதுங்கள். உடலை உறைபெட்டியில் வைக்கலாமா என்று அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டப்பாவையும் செருப்பின் அடிப்பாகத்தையும் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். வறட்சி இந்தப் பூஞ்சைக்கு ஆகாத இன்னொன்று, காய்ந்தால் தாங்காது.

நேற்று பச்சை, இன்று பழுப்பு. வாயை வேறு திறந்து திறந்து மூடுகிறது

கொழுகொழுவென்று இருந்து, இரவில் சாப்பிட்டால் பயமில்லை. பச்சை மரத்தவளை குளிருக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப நிறம் மாற்றும். வாய் திறப்பது தோல் உரிப்பதற்காக. முதுகைக் கூனிக்கொண்டு, கண்களை உள்ளே இழுத்து இழுத்து, கொட்டாவி விடுவதுபோல வாயைப் பிளக்கும். பிறகு பின்காலால் விலாவைத் தேய்த்து, முன்கைகளால் தோலைச் சட்டை கழற்றுவதுபோலத் தலைவழியே இழுத்து, வாய்க்குள் திணித்து விழுங்கிவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று பதறி மருத்துவருக்குப் போன் போடுவார்கள். பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

சாப்பிட மாட்டேன் என்கிறது

முதலில் தொட்டிக்குள் வெப்பமானி வையுங்கள். பச்சை மரத்தவளைக்குத் தொட்டியின் சூடான பக்கம் 26, 28 டிகிரி இருக்க வேண்டும். 20க்குக் கீழே போனால் பசி எடுக்காது. வற்புறுத்தி ஊட்டினால் வயிற்றுக்குள்ளேயே அழுகும். புதிதாக வந்த தவளை ஒரு வாரம் பட்டினி கிடப்பது சகஜம். தொட்டியில் சிறு கூழாங்கல் பரப்பியிருந்தால் அதை முதலில் எடுங்கள். பூச்சியோடு கல்லையும் விழுங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்க முடியாத பெரிய கற்களோ வெறும் காகிதத் துவாலையோ போதும். இதெல்லாம் சரியாக இருந்தும் மெலிந்துகொண்டே போனால் எச்சத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், புழு இருக்கலாம்.

முதுகு வளைகிறது, தாடை தொங்குகிறது, விரல் நடுங்குகிறது

கால்சியம் குறைபாடு. கடையில் வாங்கும் கிரிக்கெட் பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டுமே தின்னும் தவளை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். கிரிக்கெட்டை ஒரு பையில் போட்டு, வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் தூளில் குலுக்கிக் கொடுங்கள். பூச்சிக்கும் முதல்நாளே கேரட், கீரை என்று நல்ல தீனி போடுங்கள். யூவிபி (ஒருவகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு வைத்திருந்தால், அது எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் அப்படியே இருக்க, யூவிபி மட்டும் மாதங்களில் மங்கிவிடும். நடுவில் கண்ணாடி இருந்தாலும் வடிகட்டிவிடும். வளைந்த எலும்பு நிமிராது. மேலும் வளையாமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

கண்ணை மறைக்கும் அளவுக்குச் சதை மடிப்பு; கண்ணில் வெள்ளைப் படலம்

மடிப்பு என்றால் கொழுப்பு. வளர்ந்த பச்சை மரத்தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை உணவு போதும். கேட்கும்போதெல்லாம் போட்டால் அது வேண்டாம் என்றே சொல்லாது. எலிக்குஞ்சு கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கண்ணில் பரவும் வெள்ளைப் படலமும் பல நேரங்களில் கொழுப்புப் படிவுதான். புண்ணா கொழுப்பா என்று மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

தோலுக்கடியில் கட்டி, பின்பக்கம் சிவப்பாகத் துருத்தும் சதை, காயம்

காட்டுத் தவளையின் தொடையில் நெகிழ்வான கட்டி தெரிந்தால் நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். பூனை, நரி வயிற்றில் வாழும் புழு அது. நடுவில் தவளைக்குள் தங்கிப் போகிறது. நீங்களே ஊசியால் குத்த வேண்டாம். மருத்துவர் கீறி எடுப்பார். பின்பக்கத்தில் சிவப்புச் சதை வெளியே வந்தால் அவசரம். காயாமல் ஈரமாக வைத்து உடனே கிளம்புங்கள். நாய் கடித்தது, புல்வெட்டியில் சிக்கியது என்றாலும் அப்படியே. ஓட்டை சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே சேதம் பெரிதாக இருக்கும்.

தலைப்பிரட்டைகள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதக்கின்றன

ஒரே இரவில் எல்லாம் போனால் தண்ணீர்தான் குற்றவாளி. வாளியில் பிடித்து ஒருநாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது நம் ஊர் மீன்தொட்டிக் காலத்து அறிவு. அது குளோரினுக்குச் சரி. இங்கே பல நகரங்களில் குழாயில் வருவது குளோரமின்; எத்தனை நாள் வைத்தாலும் அது லேசில் போகாது. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் வாட்டர் கண்டிஷனரில் குளோரமினையும் நீக்கும் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மழைநீர்த் தொட்டித் தண்ணீர் நல்லது. ஆனால் செம்புக் குழாய் வழியே வந்தாலோ, புதிதாகத் துத்தநாகம் பூசிய தொட்டி என்றாலோ ஆகாது. பக்கத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்றும் விசாரியுங்கள். இலையில் ஒட்டுவதற்காக அதில் சேர்க்கும் சோப்புப் பொருளே தலைப்பிரட்டையைக் கொன்றுவிடும்.

ஒன்றொன்றாக, நாளுக்கு நாலு என்று செத்தால் கூட்டமும் தீனியும் காரணம். மிச்சத் தீனி அழுகி அமோனியா ஏறுகிறது. லெட்யூஸ் கீரையைக் குழைய வேகவைத்து, சிறு கட்டிகளாக உறையவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் கால்பங்கை மட்டும் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாற்றம் அடிக்கிறது என்று மொத்தத்தையும் கொட்டிப் புதுத்தண்ணீர் ஊற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே பாதி போகும்.

முன்கால் வந்த பிறகு சாகின்றனவா? மூழ்குகின்றன. முன்கால் முளைத்ததும் நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிவிடும். ஏறி உட்காரச் சாய்வான கல்லோ மரப்பட்டையோ தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வால் சுருங்கி முடியும்வரை சாப்பிடாது, வாலே உணவு. தீனி போட்டுத் தண்ணீரைக் கெடுக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் தலைப்பிரட்டையாகவே இருக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். பச்சை மரத்தவளை கோடையில் ஆறேழு வாரத்தில் உருமாறிவிடும். பாஞ்சோ தவளையின் தலைப்பிரட்டை குளிர்ந்த தண்ணீரில் ஓராண்டுக்கு மேலும் அப்படியே இருக்கும்.

குளம் வெட்டியும் ஒரு தவளை வரவில்லை

கொசுவை ஒழிக்கும் என்று 1925இல் சிட்னித் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீன் இன்று ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. கொசுப்புழுவைத் தின்பதைவிடத் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் குதறுவதில் அது கெட்டி. குளத்தில் அது இருந்தால் தண்ணீரை வடித்துக் காயவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். தங்கமீனும் ஆகாது. கொசுத் தொல்லைக்கு, கிழக்குக் கடலோரம் என்றால் பசிபிக் ப்ளூ-ஐ என்ற உள்ளூர்ச் சிறுமீனை விடலாம். தலைப்பிரட்டையை அநேகமாக விட்டுவிடும்.

பிறகு கரையைப் பாருங்கள். செங்குத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் இறங்கிய தவளை ஏற முடியாது. ஒரு பக்கம் சரிவு, ஓரத்தில் அடர்ந்த செடி, பாதி நிழல் இருந்தால் போதும். சிட்னிப் பக்கம் பெரும்பாலும் முதலில் வருவது கோடு போட்ட சதுப்புத் தவளை. டென்னிஸ் பந்து மட்டையில் பட்டதுபோல ‘டொக்’ என்று கத்தும். காலையில் தண்ணீரில் வெள்ளை நுரை மிதந்தால் சோப்பு என்று அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், முட்டை அதற்குள்தான் இருக்கிறது.

வரும்வரை பொறுக்காமல் நண்பர் வீட்டுக் குளத்திலிருந்து ஒரு வாளி தலைப்பிரட்டை கொண்டுவந்து விடுபவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் அந்த வாளித் தண்ணீரோடு கைட்ரிட்டும் கம்பூசியாவும் சேர்ந்து வருகின்றன. ஒரு குளத்துத் தொல்லை இரண்டு குளத்துத் தொல்லையாகும்.

நீச்சல் குளத்தில் விழுந்து கிடந்தது

வலையால் எடுத்து, ஆழமில்லாத பாத்திரத்தில் மழைத்தண்ணீர் ஊற்றி உட்காரவையுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீரை இரண்டு தடவை மாற்றினால் தோலில் ஏறிய குளோரினும் உப்பும் கழுவப்படும். தெம்பு வந்ததும் அதே தோட்டத்தில் ஈரமான செடியடியில் விடுங்கள். இரவில் குளத்தோரம் ஒரு மிதவைப் பலகையைக் கயிற்றில் கட்டிப் போட்டுவைத்தால் அடுத்தது தானே ஏறிப் போகும்.

வாழைப்பழப் பெட்டிக்குள் தவளை

சிட்னியில் காய்கறிக்கு ஃபிளெமிங்டன் சந்தைக்குப் போகும் நம்மவர்களுக்கு இது வெறும் கதையில்லை. வட குயின்ஸ்லாந்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கத்திலிருந்து வரும் வாழைத்தாரிலும், கீரைக்கட்டிலும் கட்டைவிரல் நகம் அளவு குள்ள மரத்தவளை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாவம் என்று கொல்லைச் செடியில் விடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த தவளை, வழியில் எந்தப் பெட்டியில் எந்த நோயை வாங்கிக்கொண்டதோ தெரியாது. சிட்னியிலும் குள்ள மரத்தவளை இருக்கிறதே, அதோடு சேரட்டுமே என்றால், நோய் அதற்குத்தான் முதலில் போகும்.

டப்பாவில் ஈரத் துவாலையோடு வைத்து, பெட்டியில் ஒட்டியிருக்கும் தோட்டத்தின் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸ் தவளை, தலைப்பிரட்டை ஆய்வுக் குழு (சுருக்கமாக ஃபேட்ஸ்) இப்படி வழிதவறி வந்த தவளைகளைப் பல ஆண்டுகளாகப் பெற்றுக்கொள்கிறது. தனியே வைத்துக் கண்காணித்து, நலமாக இருந்தால் உரிமம் உள்ள வளர்ப்பாளரிடம் தருவார்கள். காட்டுக்கு அது திரும்பாது. வீட்டில் ஏற்கெனவே தவளை வளர்க்கிறீர்கள் என்றால் வந்ததை அடுத்த அறையில் வையுங்கள். முதலில் வீட்டுத் தவளைக்கு வேலை செய்துவிட்டு, கடைசியில்தான் விருந்தாளியிடம் போக வேண்டும்.

இது கேன் தேரையா?

1935இல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து நூறு சொச்சம் தேரைகளைக் குயின்ஸ்லாந்தின் கார்டன்வேலுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பெருகியது இப்போது குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் வடகோடி, வடக்குப் பிரதேசம், மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதிவரை இருக்கிறது. அதன் மேல் உள்ள கோபத்தில் ஒன்றும் அறியாத பாஞ்சோ தவளைகள் அடிபட்டுச் சாகின்றன. கேன் தேரைக்குக் கண்ணுக்கு மேல் எலும்பு வரம்பு மூக்குவரை ஓடும். தோளில் பெரிய வீங்கிய சுரப்பி இருக்கும். தோல் வறண்டு பருப்பருவாகத் தெரியும். முட்டை நுரையாக இராது. நீண்ட பசைச் சரத்தில் கறுப்பு மணிகளாகக் கோத்திருக்கும். மூன்றும் ஒத்துப்போனாலும் முதலில் படம் எடுத்து ஆள் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சிட்னி, மெல்போர்ன் என்றால் டப்பாவில் மூடி வைத்துவிட்டு மாநில உயிர்ப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். லாரியில் ஏறி வந்த ஒன்று ஊரில் குடியேறாமல் இருக்க அதுதான் வழி.

ராத்திரி கத்திக் கத்தித் தூங்க விடவில்லை

இது நோயல்ல, நல்ல ஆரோக்கியம். பச்சை மரத்தவளை மழைநீர்க் குழாய்க்குள் உட்கார்ந்து கத்துவதே குரல் பெருகும் என்பதற்காகத்தான். பிடித்துக்கொண்டுபோய் அடுத்த பேட்டையில் விடுவது சட்டப்படியும் தவறு, நோய் கணக்கிலும் தவறு. மழைக்குப் பின் சில இரவுகள் உச்சத்தில் இருக்கும், பிறகு அடங்கும். ஆஸ்திரேலியன் மியூசியம் 2017இல் தொடங்கிய ஃபிராக்ஐடி செயலியில் ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். காது தேர்ந்தவர்கள் கேட்டு, எந்த இனம் என்று பதில் போடுவார்கள். அந்தப் பதிவு எந்தத் தவளை எங்கே மிஞ்சியிருக்கிறது என்ற வரைபடத்திலும் சேரும்.

அப்புறம், படுக்கையறைச் சன்னலிலிருந்து தள்ளி, தோட்டத்தின் கோடியில் ஒரு வாளியில் சரளைக்கல் நிரப்பி, விதவிதமான உயரத்தில் பிவிசி குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாக நட்டு, அடியில் கொஞ்சம் மழைத்தண்ணீர் ஊற்றி வையுங்கள். சில தவளைகளாவது அங்கே குடிமாறும்.